ஹூக்ளி கூட்டுறவுச் சங்கங்களுக்கு: உருளைக்கிழங்கு நட்டவருக்கு ஏன் கடன் இல்லை?

ஹூக்ளி மாவட்டத்துத் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற தை மாத நடுவில் ஒரு நாள், ஹவுராவிலிருந்து காலை லோக்கலில் வந்து இறங்கி, உங்கள் சங்கங்களில் சிலவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டியதும் ஊர் திரும்பிய கொல்கத்தாக் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து கோவிந்தபோக் அரிசியையும் கடுகெண்ணெயையும் கூட்டுறவுகளிடமிருந்து நேரடியாக வாங்குகிறோம். வாங்குகிற பொருள் விளையும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம். நான் தமிழன். வங்கி வேலையில் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டவன். வங்காள மொழி சரளமாகப் பேசுவேன், எழுத வராது. எனவே தமிழில் எழுதுகிறேன். நண்பர் ஒருவர் வங்காள மொழியில் பெயர்த்துத் தரும் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும்.

தமிழிலேயே இதை வெளியிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கவுண்டரில் நான் கேட்ட பதிலைக் காவிரிக் கரையின் குத்தகை விவசாயிகளும் கேட்டுப் பழகியவர்கள்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும்.

எந்தச் சங்கத்தின் பெயரையும், எந்த மனிதரின் பெயரையும் இதில் எழுதவில்லை. 'இது பக்கத்துச் சங்கத்தைப் பற்றியது' என்று உங்களில் ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ள இது வசதியாகப் போய்விடும் என்று தெரியும். பரவாயில்லை.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். மிகையாகச் சொல்லவில்லை; முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடன் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். காலையில் நாங்கள் நுழைந்த முதல் சங்கத்தின் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. யூரியா, டிஏபி, பொட்டாஷ், 10:26:26 என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய இருப்பும் விலையும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த ஐம்பது காசையும் விடாமல் எழுதியிருந்தார்கள். உள்ளே கிடங்கில் மூட்டைகளை எண்ணிப் பார்த்தால் பலகையோடு ஒத்துப்போகும் என்று எனக்குத் தோன்றியது; எண்ணிப் பார்க்கச் சொல்லி உங்கள் மேலாளரே அழைத்தார். உருளை நடவு சமயத்தில் தனியார் கடைகளில் 10:26:26 மூட்டைக்கு அச்சிட்ட விலையைவிட இருநூறும் முந்நூறும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும், யூரியா கேட்டால் வேண்டாத டானிக் பாட்டிலையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்றும் வழியில் பலர் சொன்னார்கள். அந்தச் சந்தைக்கு நடுவே ஐம்பது காசைப் பலகையில் எழுதும் ஒரு கடை இருப்பது சிறிய விஷயம் அல்ல.

டெபாசிட் கவுண்டரும் அப்படித்தான். முன்னால் பெஞ்சில் பாஸ்புக்கோடு காத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வங்கிக் கிளை எட்டு, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில் சங்கமே வங்கி. கணினியில் பதிவு ஏறுகிறது. கூடவே பழைய பேரேடும் நடக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டிய இளம் எழுத்தர் என்னைக் 'காக்கு' (சித்தப்பா) என்று அழைத்து, "கணினி சொல்வதை நாங்கள் நம்புகிறோம், தணிக்கையாளர் நம்புவதில்லை" என்று சிரித்தார். எந்த மாநிலத்துத் தணிக்கையாளரும் நம்புவதில்லை, தம்பி.

டிராக்டர், மருந்து தெளிப்பான் வாடகைக்கு, நெல் கொள்முதல் முகாம், மாடு வாங்கக் கடன், சுயஉதவிக் குழுக்கள் என்று நீங்கள் காட்டிய மற்றவற்றை விரிக்கவில்லை. மதியம் போட்ட சாப்பாட்டையும் விரிக்கவில்லை. விரித்தால் மடலின் போக்கே மாறிவிடும்.

நான் எழுத உட்கார்ந்ததன் காரணம், நீங்கள் காட்டாத ஒருவர்.

இரண்டு சங்கங்களுக்கு இடையே டோட்டோ என்கிற மின்சார ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வண்டி வழியை மறித்து நின்றதால் சற்று நேரம் நிற்க நேர்ந்தது. சாலையின் இருபுறமும் உருளைக்கிழங்கு. மண் அணைத்து முடித்த மேட்டுப் பார்கள் மேல் செடி முழங்கால் உயரத்துக்கு மூடிக்கொண்டு நின்றது. காலைப் பனிமூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. ஒருவர் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக இலைக்கு அடியில் மருந்து அடித்துக்கொண்டு வந்தார். பனி தொடர்ந்து நான்கு நாள் நின்றால் இலைக்கருகல் வந்துவிடும்; வந்துவிட்டால் ஒரு வாரத்தில் வயல் கருகிப்போகும். இலையின் ஓரத்தில் நீர் கோத்தது போல ஒரு புள்ளியைத் திருப்பிக் காட்டினார். அது நோயா, பனியா என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. "தெரிந்த பிறகு அடித்தால் பயன் இல்லை" என்றார்.

எத்தனை பிகா என்று கேட்டேன். ஐந்து. (தமிழ் வாசகர்களுக்காக: மேற்கு வங்கத்தில் ஒரு பிகா ஏறத்தாழ 33 சென்ட், மூன்று பிகா சேர்ந்தால் ஒரு ஏக்கர்.) ஐந்தும் வேறு ஆட்களின் நிலம். மூன்று பிகா ஸ்ரீராம்பூரில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்துக்கும், இரண்டு பிகா உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கும் சொந்தம். ஆமன் என்ற மழைக்கால நெல்லை அறுத்த கையோடு நிலம் இவர் கைக்கு வருகிறது. கிழங்கு தோண்டியதும் திரும்பிப் போகிறது. குத்தகைப் பணம் முழுவதும் நடவுக்கு முன்பே ரொக்கமாகக் கைமாறிவிடும். துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

செலவு பிகாவுக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாது என்று கணக்குச் சொன்னார்: பஞ்சாபிலிருந்து வரும் விதைக்கிழங்கு, உரம், மருந்து, கூலி, தண்ணீர். ஐந்து பிகாவுக்கு ஒன்றேகால் லட்சம். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? விதையும் உரமும் கடைக்காரரிடம் கடன். அங்கே வட்டி என்று தனியாக ஒன்றும் எழுதுவதில்லை, விலையிலேயே ஏறியிருக்கும். அதோடு தோண்டிய கிழங்கை வயலிலேயே, அவர் சொல்லும் விலைக்கு, அவருக்கே போட வேண்டும். இதைத் தாதன் என்று அங்கே சொல்கிறார்கள். அவுரி (இண்டிகோ) பயிரிட்ட காலத்திலிருந்து வங்காளத்துக்குப் பழகிய ஏற்பாடு. கொஞ்சம் பணம் நுண்கடன் நிறுவனத்தில். மீதி, மனைவியின் சுயஉதவிக் குழுவில் ஆடு வாங்குவதாகச் சொல்லி எடுத்த கடன்.

"ஆடு எங்கே?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். அவர் கையை நீட்டி வயலைக் காட்டினார்.

அந்தக் குழுக் கடன் எந்தக் கவுண்டரில் கொடுக்கப்பட்டது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் சங்கங்களில் ஒன்றின் கவுண்டரில்தான். அதே கவுண்டரில் இவர் பயிர்க்கடன் கேட்டுப் போனால், "பர்ச்சா கொண்டு வா" என்கிறார்கள். நில உரிமைப் பதிவேட்டின் நகல் அது. அவரிடம் எப்படி இருக்கும்? அது ஸ்ரீராம்பூரில் ஒரு பீரோவுக்குள் இருக்கிறது.

அடுத்த சங்கத்தில், தேநீர் வந்து எல்லோரும் பாராட்டுரை சொல்லி முடித்த பிறகு, நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். உங்கள் செயலாளர் கோபப்படவில்லை. நேர்மையாகப் பதில் சொன்னார்: எங்களுக்குப் பணம் தரும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி பட்டியலோடு பர்ச்சா விவரம் கேட்கிறது, பர்ச்சா இல்லாமல் கொடுத்த கடன் நிலுவையில் விழுந்தால் குழு உறுப்பினர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், யார் எந்த வயலில் நடுகிறார்கள் என்று எழுதி வாங்க எந்த நிலச் சொந்தக்காரரும் சம்மதிக்க மாட்டார். மூன்றும் உண்மை. மூன்றையும் நான் வங்கி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இந்த மூன்றில் கடைசியானதுதான் பெரிய முட்டுக்கட்டை என்று நினைக்கிறேன். அதன் கதை உங்கள் மாவட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1978இல் இடதுமுன்னணி அரசு, பங்குச் சாகுபடியாளர்களை (பர்காதார்களை) பதிவு செய்யும் பர்கா நடவடிக்கையைத் தொடங்கியது. அதற்கு முன்பு, பங்குக்கு உழுபவர் தன்னை பர்காதார் என்று நிரூபிக்க வேண்டும். 1977இல் சட்டத்தைத் திருத்தி அதைத் தலைகீழாக்கினார்கள்: இன்னொருவர் நிலத்தை உழுபவர் பர்காதார்தான் என்று சட்டம் முதலில் ஏற்றுக்கொள்ளும்; இல்லை என்றால் நிலச் சொந்தக்காரர் நிரூபிக்கட்டும். அதிகாரிகள் அலுவலகத்தில் உட்கார்ந்து மனு வாங்காமல், மாலை வேளையில் கிராமத்துக்கே போய், எல்லோர் முன்னிலையிலும் பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். ஏறத்தாழ 14 லட்சம் பேர் பதிவானார்கள். விளைச்சலில் இடுபொருளைத் தானே போடும் பர்காதாருக்கு முக்கால் பங்கு, வெளியேற்ற முடியாத உரிமை, பிள்ளைகளுக்கும் அந்த உரிமை. இந்தியாவில் உழுபவனுக்காக ஓர் அரசு செய்த பெரிய காரியங்களில் இது ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு விளைவு யாரும் எதிர்பார்க்காததாக முடிந்தது. பெயர் பதிவானால் நிலம் திரும்பாது என்ற அச்சம் நிலச் சொந்தக்காரர்களின் எலும்பில் இறங்கிவிட்டது. இன்று அவர்கள் ஒரு பருவத்துக்கு மட்டும், ரொக்கத்துக்கு, வாய்வார்த்தையாக நிலம் விடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஆளை மாற்றுகிறார்கள், அல்லது அதே ஆளுக்கு வேறு வயலை மாற்றிக் கொடுக்கிறார்கள். மேற்கு வங்கச் சட்டத்தில் பங்குச் சாகுபடிக்குத்தான் இடம் உண்டு. ரொக்கக் குத்தகைக்கு இடம் இல்லை. ஆகவே நான் பார்த்த மனிதர் சட்டத்தின் கண்ணில் படவே மாட்டார். பதிவு பெற்ற பர்காதாராக இருந்தால் உங்களிடம் கடன் கேட்கலாம், அரசின் கிருஷக் பந்து உதவித்தொகையும் வாங்கலாம். இவர் இரண்டுக்கும் வெளியே. காப்பாற்ற வந்த சட்டமே இவரை வெளியே நிறுத்திவிட்டது.

உங்கள் மாவட்டத்திலேயே இது எப்படி முடியும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. எங்கள் லோக்கல் சிங்கூரில் நின்றபோது பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கார் தொழிற்சாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். 2006இல் டாடா கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கரை அரசு கையகப்படுத்தியது, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்று ஒருவர் தேதி தவறாமல் ஒப்பித்தார். அங்கே இழப்பீடு நிலச் சொந்தக்காரருக்கு உண்டு, பதிவான பர்காதாருக்கும் ஒரு பங்கு உண்டு. பதிவாகாமல் உழுதவர்களின் நிலை என்ன என்று நான் கேட்டபோது பேச்சு கட்சி அரசியலுக்குத் தாவிவிட்டது. அங்கேயும் இதே ஆள்தான் விடுபட்டவர்.

சரி, பர்ச்சா கேட்காமல் எப்படிக் கடன் கொடுப்பது? நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெண்கள் குழுவுக்கு நீங்கள் கடன் கொடுக்கும்போது பர்ச்சா கேட்கவில்லை. பத்துப் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு ஏற்கிறார்கள், நீங்கள் நம்புகிறீர்கள், அவர்கள் கட்டிவிடுகிறார்கள். குழுக் கணக்குகளில் நிலுவை எவ்வளவு என்று நான் கேட்டதற்கு உங்கள் மேலாளர் பெருமையோடு, "அதில் தொல்லையே இல்லை" என்றார். நிலமுள்ளவர்களின் பயிர்க்கடனில் நிலுவை எவ்வளவு என்று கேட்டேன். தேநீரை ஊதிக் குடிக்கத் தொடங்கினார்.

அந்தப் பெண்களின் கணவர்களும், நிலமில்லாமல் தாங்களே பயிர் வைக்கும் அந்தப் பெண்களும், நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப்பொறுப்புக் குழு அமைக்கலாம். இது என் கண்டுபிடிப்பு அல்ல. தேசிய வேளாண் வங்கியான நபார்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் குத்தகைக்காரர்களுக்காகவே வைத்திருக்கும் வழி. கிசான் கிரெடிட் கார்டு விதிகளிலேயே வாய்மொழிக் குத்தகைக்காரர், பங்குச் சாகுபடியாளர், அவர்களின் கூட்டுப்பொறுப்புக் குழு எல்லோரும் தகுதியுள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறது. பிணையில்லாத வேளாண் கடனுக்கான வரம்பு 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் ரூபாய். பக்கத்து ஒடிசா 2020இல் பலராம் என்ற பெயரில் நிலமற்ற சாகுபடியாளர்களுக்கு இதே குழு வழியில் கடன் திட்டம் தொடங்கியது. ஆக விதி தடுக்கவில்லை. மத்தியக் கூட்டுறவு வங்கியின் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதுதான் தடுக்கிறது.

நிலச் சொந்தக்காரரின் அச்சத்துக்கும் வழி உண்டு. ஆந்திரா 2011இல் குத்தகைக்காரர்களுக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தது. அந்த அட்டையால் நில உரிமை எதுவும் மாறாது என்று சட்டத்திலேயே எழுதியது. 2019இல் அந்தச் சட்டத்தை மாற்றி, உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள்; கையெழுத்து எளிதில் கிடைக்கவில்லை. இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது, உரிமையாளரிடம் எதையும் கேட்காமல் இருப்பது. கடன் விண்ணப்பத்தில் நிலத்தின் எண்ணையே எழுத வேண்டாம். எத்தனை பிகா, என்ன பயிர், எந்த மௌஜா (வருவாய்க் கிராமம்). அவ்வளவு போதும். 'இந்தக் கடன் எந்த நிலத்தின் மீதும் எவருக்கும் உரிமை அளிக்காது' என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள். பயிரைக் கண்ணால் பார்த்துச் சான்று சொல்ல உங்கள் ஊர்க் குழு உறுப்பினர் ஒருவரே போதும். யார் எந்த வயலில் நிற்கிறார் என்று ஊருக்கே தெரியும். தெரியாதது கணினிக்கு மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் சிட்டா, அடங்கல் என்று இரண்டு இருக்கிறது. சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல், அந்தப் பருவத்தில் நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்லும். அதிலும் குத்தகைக்காரர் பெயர் சுலபமாக ஏறிவிடுவதில்லை. கிராம நிர்வாக அலுவலரின் தயவும் நிலக்காரரின் மனசும் வேண்டும். தமிழ்நாடு இதைத் தீர்த்துவிட்டது என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. பயிரையும் பட்டாவையும் தனித்தனியே பார்க்கும் பழக்கம் நிர்வாகத்துக்குப் புதிது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. வங்கிக்காரனுக்கு இது இல்லாமல் தூக்கம் வராது. ஒன்றேகால் லட்சம் ரூபாய், ஆறு மாதம். சங்கக் கடன் ஏழு சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் மூன்று சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும், நிற்பது நான்கு. ஆறு மாதத்துக்கு வட்டி 2,500 ரூபாய். இதே தொகைக்கு நுண்கடன் நிறுவனத்தின் விகிதத்தில், 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 15,000 ரூபாய். வித்தியாசம் 12,500. கிழங்கு மூட்டை, 50 கிலோ, 400 ரூபாய்க்குப் போனால் அது முப்பத்தொரு மூட்டை. அந்த மனிதர் தெளிப்பானைச் சுமந்து நடந்த வரிசைகளில் பல வரிசைகள் வட்டிக்காக மட்டுமே விளைகின்றன. கடைக்காரர் விலையில் ஏற்றியதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

வட்டியைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது குளிர்பதனக் கிடங்கு.

மாலையில் நீங்கள் கூட்டிப் போன கிடங்கைப் பார்த்து எங்கள் கூட்டம் வாய் பிளந்தது. மேற்கு வங்கத்தில் இப்படி நானூறுக்கும் மேற்பட்ட கிடங்குகள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் அவற்றின் மையப் பகுதி. தை மாதம் என்பதால் உள்ளே காலி. மரச் சட்டங்களை அடுக்கடுக்காகப் பொருத்திய இருண்ட அறைகள், சுவரில் பழைய கிழங்கு வாசம், மூலையில் அம்மோனியாவின் நெடி. மார்ச் மாதம் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை நிற்கும், நவம்பர் கடைசிக்குள் எல்லாம் வெளியேறிவிட வேண்டும் என்றார் பொறுப்பாளர். உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொதிக்கும் பாண்ட் என்ற இருப்புச் சீட்டு ஒன்று எழுதித் தருகிறார்கள். கிழங்கு உள்ளே தூங்கும். பாண்ட் வெளியே கைமாறிக்கொண்டே இருக்கும். மார்ச்சில் விலை தரையில் கிடக்கும். மழைக்காலத்தில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். 2024இல் மாநில எல்லையில் உருளை லாரிகளை நிறுத்தியபோது நடந்த கூத்தை நீங்களே பார்த்தீர்கள். ஏறுவதோ இறங்குவதோ, காத்திருக்கத் தெம்புள்ளவனுக்குத்தான் அந்தச் சூதாட்டத்தில் இடம்.

காத்திருக்க உங்கள் உறுப்பினருக்கு நீங்கள் வழி வைத்திருக்கிறீர்கள்: பாண்டை அடகாக வைத்துக்கொண்டு கடன் தருகிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நட்டவர் கையில் பாண்ட் வருவதே இல்லை. தாதன் கொடுத்த கடைக்காரர் வயல் வரப்பிலேயே தராசை வைத்து எடுத்துப் போய்விடுகிறார். கிடங்கில் பாண்ட் அவர் பெயரில். அந்தப் பாண்டுக்கு உங்கள் சங்கத்தில் கடன் கேட்டு வருபவரும் அவர்தான். நடவுக்குக் கடன் கொடுக்க மறுத்த அதே கிழங்கின் மேல், அறுவடைக்குப் பிறகு நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள், வேறு ஆளுக்கு. இதை உங்கள் பேரேட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர்கள் தாமாகவே பேசும்.

பர்ச்சாவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே நிலத்தின் பர்ச்சாவைக் காட்டி நான்கு சதவீதத்தில் பயிர்க்கடன் எடுத்து, ஏழு சதவீத வைப்பில் போட்டுவைப்பவர்களை எனக்குத் தெரியும். கொல்கத்தாவில் என் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார்; அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்து என்னிடமே விவரித்தார். உங்கள் கடன் பட்டியலில் கையில் மண் படாதவர்கள் எத்தனை பேர் என்று நிர்வாகக் குழுவுக்குத் தெரியாமல் இருக்காது. சில ஊர்களில் அந்தப் பட்டியலும் நிர்வாகக் குழுவும் பாதிக்குப் பாதி ஒன்றாகவே இருக்கும். கசப்பான பேச்சுதான். சாப்பாடு போட்டு உபசரித்தவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று என் மனைவி கேட்டாள். சாப்பாடு போட்டவர்களிடம்தான் பேச முடியும் என்றேன்.

உங்கள் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ரவீந்திரநாதரின் படம் மாலையோடு இருந்தது. ஓர் இடத்தில் படத்துக்கு நேர் கீழே 'பர்ச்சா இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்படாது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. யாரும் வேண்டுமென்று ஒட்டியது அல்ல; அங்கேதான் சுவர் காலியாக இருந்திருக்கும். ஆனால் அவர் 1905இல் பதிசரில் வேளாண் வங்கி தொடங்கியபோது யாருக்குக் கடன் கொடுத்தார் என்று நினைத்துப் பார்த்தேன். தன் குடும்ப ஜமீனில் உழுத ரயத்துகளுக்கு. நிலம் ஜமீனுடையது, உழைப்பு அவர்களுடையது. வட்டிக்காரரிடமிருந்து அவர்களை மீட்பதற்காக வங்கி. நோபல் பரிசுப் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் அதில்தான் போட்டார். பிற்காலத்தில் விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம் வந்து, கொடுத்த கடன் திரும்பாமல் பணம் போனது என்பதும் கதையின் ஒரு பகுதி. ஆகவே நிலுவையைப் பற்றிய உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பயத்துக்கு அவர் கண்ட விடை பர்ச்சா அல்ல என்று மட்டும் சொல்கிறேன். சுந்தரவனத்தில் கோசாபா தீவில் டேனியல் ஹாமில்டன் கட்டிய கூட்டுறவுகளும் காடு திருத்த வந்து குடியேறிய ஏழைகளுக்காகத்தான் தொடங்கின. வங்காளத்துக் கூட்டுறவு இப்படிச் சில இடங்களிலாவது பிறர் நிலத்தில் உழைத்தவர்களையும் ஏழைகளையும் நினைத்துத்தான் பிறந்தது.

உறுப்பினர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. குழு அமைத்துக் கடன் கொடுத்தாலும், அவர்களைப் பெயரளவு உறுப்பினர்களாக மட்டும் வைத்துவிடாதீர்கள். பெயரளவு உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் நாளைக்கு ஒரு புதுக் குழு வந்து, ஒரு தீர்மானத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பங்குத் தொகையைச் சிறு தவணைகளில் வாங்கிக்கொண்டு முழு உறுப்பினராக்குங்கள். தேர்தல் நடக்காமல் சிறப்பு அலுவலர் கையில் இருக்கும் சங்கங்களுக்கு இது இப்போதைக்குப் பொருந்தாது. அது வேறொரு மடலுக்கான விஷயம், அதை எழுதுபவர் என்னைவிடத் துணிச்சல்காரராக இருக்க வேண்டும்.

எல்லாச் சங்கங்களும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு சங்கம், ஒரு பருவம், ஐந்தாறு குழுக்கள். முதல் ஆண்டு கடனில் பாதியை ரொக்கமாகக் கொடுக்காமல், அந்தக் கரும்பலகை விலைக்கே விதையாகவும் உரமாகவும் உங்கள் கிடங்கிலிருந்தே கொடுங்கள். உங்கள் விற்பனையும் கூடும். பணம் வேறு வழியில் போய்விடும் என்ற கவலையும் குறையும். தோண்டும்போது கிழங்கைக் கிடங்குக்கு ஏற்ற டிராக்டர் வாடகையையும் கடனில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்ட் குழுவின் பெயரில் எழுதப்பட்டு, விற்கும்வரை சங்கத்தின் பெட்டியில் இருக்கட்டும். கடன் திரும்புமா என்ற கேள்விக்கு அந்தப் பெட்டியே பிணை.

மத்தியக் கூட்டுறவு வங்கியோடு எழுதிப் பேச வேண்டியிருக்கும். கிரெடிட் கார்டு விதியின் நகலை இணைத்து, வாய்மொழிக் குத்தகைக்காரர் என்ற வரியின் கீழ் கோடு போட்டு அனுப்புங்கள். வங்கி அதிகாரிகளுக்கு விதியைக் காட்டினால் மறுப்பது கடினம். விதியே இல்லை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, கோடு போட்ட வரி கொஞ்சம் சங்கடம் தரும். என் அனுபவத்தில் அந்தச் சங்கடம் பல கோப்புகளை நகர்த்தியிருக்கிறது.

நடவு கார்த்திகை பிறந்ததுமே தொடங்கிவிடும். கடைக்காரர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே தாதன் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகையால் துர்கா பூஜைக்கு முன் நடக்கும் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டால்தான் இந்தப் பருவத்துக்கு ஆகும். குழு விண்ணப்பம், பொறுப்பேற்புப் பத்திரம், பயிர்ச் சான்று ஆகிய மூன்றுக்கும் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். வங்காள மொழிப் படியோடு சேர்த்து அனுப்புகிறேன். எந்தச் சங்கம் முதலில் அழைத்தாலும், விண்ணப்பம் நிரப்பும் நாட்களில் வந்து உங்கள் எழுத்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளத் தயார். ரயில் டிக்கெட்டும் டோட்டோ வாடகையும் என் செலவு. ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
கொல்கத்தாவில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன்